ராமேஸ்வரத்தில் இரண்டு நாள்: காசும் காலும் மிஞ்ச வேண்டுமென்றால்

"தனுஷ்கோடிக்கு ஜீப் இல்லாமப் போக முடியாது சார். மணல் ரோடு." ராமேஸ்வரம் ரயிலடியில் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே காதில் விழும் முதல் பொய் இது. 2017 ஜூலை முதல், தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரையுள்ள ஒன்பதரை கிலோமீட்டரைத்தான் முன்பு மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு கடக்க வேண்டியிருந்தது. இப்போது சொந்தக் கார், ஆட்டோ, பைக் எல்லாமே முனை வரை போகின்றன. 3-ஆம் எண் டவுன் பஸ்ஸும் தனுஷ்கோடிப் பக்கம் போகிறது, சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு இதிலேயே மிஞ்சும்.

தேதி குறிக்கும்போது லீவு நாளைப் பார்ப்பதற்கு முன் அமாவாசை எப்போது என்று பாருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வருவது வேண்டாத வேலை. எல்லாரும் முழுக்குப் போடும் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது, லாட்ஜ் வாடகையும் எகிறிவிடும். சாதாரண வார இறுதியிலும் ரூம் பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கா, இல்லை காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குக் காலி பண்ண வேண்டுமா? குழாயில் வருவது உப்புத் தண்ணீரா? முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டால் விடியற்காலை ரயிலில் வந்து இறங்குபவர்கள் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இரண்டு நாள் வாடகை கட்ட வேண்டிவரும்.

சென்னையிலிருந்து இரவு ரயில் வசதிதான். ஆனால் சேது எக்ஸ்பிரஸ் பாலம் ஏறும்போது வெளியே கும்மிருட்டு. பாம்பன் பாலத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் மதுரையில் இறங்கி, காலையில் கிளம்பும் ராமேஸ்வரம் பாசஞ்சரைப் பிடியுங்கள். தலைக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில். பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கைகூப்பியதுபோல் மேலே எழும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் மாதிரி ஏறுகிறது. கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், அதற்காகக் காத்திருந்து பயனில்லை. காரில் வருபவர்கள் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை, போலீஸும் விரட்டும். பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டிவிட்டு நடந்து வாருங்கள்.

விடிகாலை ரயிலில் வந்தால் அன்றைக்கே தீர்த்தமாடிவிடுவது நல்லது. எப்படியும் குளிக்கத்தானே வேண்டும். முதலில் கடலில், அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள், கடைசியில் கோடி தீர்த்தம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நனைந்த ஜீன்ஸோடு இத்தனை கிணறு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். பருத்தி வேட்டி, சுடிதார் போதும். கல் தரை முழுக்கத் தண்ணீர் என்பதால் வழுக்கும், வயதானவர்களை ஓரமாக, கையைப் பிடித்து நடத்துங்கள். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்று உடைப் பை கையோடு இருக்கட்டும். செல்போனை ரூமிலேயே வைத்துவிட்டால் பாதுகாப்பறை வரிசை மிச்சம். வாசலில் "தனியா வாளி வச்சு ஊத்துறோம், தலைக்கு இவ்வளவு" என்று வருபவர்களைக் கண்டுகொள்ளாமல் நேரே கோயில் டிக்கெட் கவுண்டருக்குப் போங்கள். ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 முதல் 6 மணி வரைதான், அதற்கு 4 மணிக்கே எழ வேண்டும். 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தை மட்டும் கூட்டம் குறைந்த நேரத்தில், காய்ந்த உடையில் மறுபடி ஒரு சுற்று வாருங்கள்.

ஆட்டோ. இதைப் பற்றிக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. "அஞ்சு இடம், பத்து இடம்" என்று ஒரு அட்டையை நீட்டுவார்கள். அதில் ராமர் தீர்த்தம், லட்சுமண தீர்த்தம், மிதக்கும் கல் வைத்திருக்கும் பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில், கலாம் வீடு எல்லாம் ஊருக்குள்ளேயே சில கிலோமீட்டரில் அடங்கிவிடும். பட்டியலின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஏறும் முன் மூன்று விஷயத்தை வாய்விட்டுப் பேசி முடியுங்கள்: கேட்பது வண்டிக்கா ஆளுக்கா, அரிச்சல்முனை வரையா இல்லை பழைய தனுஷ்கோடியோடு திரும்புவதா, அங்கே எவ்வளவு நேரம் நிற்பார். முதலில் சொல்லும் தொகையில் பாதியிலிருந்து பேரம் ஆரம்பிக்கலாம், தவறே இல்லை. அந்தப் பட்டியலில் என் ஓட்டு கந்தமாதன பர்வதத்துக்கு மட்டும்தான், ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மேலே நின்றால் தீவின் வடிவம் புரியும். பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27-இல் திறந்த கலாம் நினைவிடம் பெரிய சாலையிலேயே இருப்பதால் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம்.

தனுஷ்கோடியை எல்லாரும் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் தப்பு. நிழலே கிடையாது, மணல் காலைச் சுடும், முனையில் வண்டி திருப்ப இடமில்லாமல் நெரிசல், மாலை 5 மணிக்கு மேல் சோதனைச் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள். இரண்டாம் நாள் காலை 6 மணிக்கே கிளம்பி 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். கழிவறை வேலையை ரூமிலேயே முடித்துவிடுங்கள். சாலையில் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். ஆனால் பெண் கடல் எப்போதும் சாது என்று நம்பிவிடாதீர்கள். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் பக்கம் கொந்தளிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை அடித்தால் பாக் பக்கம் முரட்டுத்தனம் காட்டும். கால் நனைப்பதென்றால் அந்தப் பருவத்தில் அமைதியான பக்கத்தில், முழங்கால் அளவோடு. அரிச்சல்முனையில் அதுவும் கூடாது. இரண்டு நீரோட்டமும் மோதி மணலை அரித்துக்கொண்டே இருப்பதால் நின்ற இடமே திடீரென்று பள்ளமாகும்.

பழைய தனுஷ்கோடியில் தேவாலயத்தின் சுவர், ரயில் நிலைய மிச்சம் இரண்டையும் நின்று பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போன இடம் இது. சிதிலத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றிவிட்டுப் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள், கல் பெயர்ந்து விழும். அரிச்சல்முனையில் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

இனி மீன். கோயிலைச் சுற்றிச் சைவம்தான். ஓலைக் கொட்டகைக் கடைகள் தனுஷ்கோடி வழியில். தட்டில் செக்கச்செவேல் என்று மசாலா தடவி அடுக்கியிருப்பதைக் கை காட்டாதீர்கள், அது எப்போது தடவியது என்று யாருக்கும் தெரியாது. மசாலா படாத முழு மீனைக் கேளுங்கள். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் பளபளக்க வேண்டும். உங்கள் முன்னாலேயே வெட்டிக் கீறி மசாலா தடவச் சொல்லுங்கள், பத்து நிமிடம்தான் கூட ஆகும். விலை துண்டுக்கா முழு மீனுக்கா என்பதை அடுப்பில் போடும் முன் கேட்டுவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் அதில்தான். பிள்ளைகளுக்குச் சீலா நல்லது, நடுமுள்ளை எடுத்துவிட்டால் பயமில்லை. கணவாயை நிறைய நேரம் கல்லில் விட்டால் மெல்லவே முடியாது, சுருண்டவுடன் எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டுமே என்பதால் விலை கூடும்.

சங்குக் கடைகளில் சாவிக்கொத்து, பாசிமாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பவளப்பாறைத் துண்டும் காய்ந்த கடல்குதிரையும் வனவிலங்குச் சட்டத்தில் வருபவை, விற்பவர் "ஒண்ணும் ஆகாது" என்றாலும் மாட்டுவது வாங்கியவர்தான். காசு கொடுத்து வாங்க உருப்படியானது தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று. மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கே இங்கிருந்துதான் போகிறது. வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

ஞாயிறு மாலை மதுரை பஸ்ஸுக்கு ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி உட்காருங்கள். பாம்பனில் நின்று கை காட்டினால் ராமநாதபுரம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.