உதிராத நெல்லை யாரும் தேடிப் போகல

நெல்லு, கோதுமை எல்லாம் எப்படிப் பயிராச்சுன்னு பேச்சு வந்தாலே, ஆதிகாலத்துல யாரோ ஒரு கெட்டிக்காரர் உக்காந்து நல்ல விதையா பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த மாதிரிதான் நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அது ஒத்துக்கவே முடியல. இருக்கறதுலயே பெரிய மாற்றம் யாரும் நினைச்சுப் பண்ணாதது.

காட்டு நெல்லு முத்தினதும் தானா உதிர்ந்துடும். மணியும் காம்பும் சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு செல் அடுக்கு இருக்கு, நேரம் வந்தா அது விட்டுடும், மணி கீழ விழுந்தாத்தானே அடுத்த தலைமுறை. இப்ப ஒருத்தர் போய் கதிரை அறுக்கறார்னு வைங்க, உதிர்ந்ததெல்லாம் மண்ணோட போச்சு, ஜீன்ல ஏதோ மாறி உதிராம ஒட்டிக்கிட்டு நின்னதுதான் அதிகமா கைக்கு வருது, அதுல ஒரு பங்கை அடுத்த வருஷம் புது இடத்துல விதைச்சா அந்த வகை கொஞ்சம் கூடும், அதுக்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். காட்டுல தனியா விட்டா தேறாத செடி, அருவா வந்ததும் ஜெயிக்குது! பழைய இடத்துலயே திரும்ப விதைச்சா உதிர்ந்ததும் கூடவே முளைச்சு வந்துடும், அதனால புது இடம்ங்கறது முக்கியம்.

இதுக்கு ஆதாரமே கிடைச்சிருக்கு. தானா உதிர்ந்த மணியோட அடியில தழும்பு வழவழன்னு இருக்கும், அடிச்சுப் பிரிச்சதுல பிஞ்சு போய் சொரசொரன்னு இருக்கும். சீனாவுல தியான்லுவோஷான்ல தோண்டி எடுத்த நெல்லை மைக்ராஸ்கோப்ல வச்சு எண்ணிப் பார்த்திருக்காங்க, சுமார் 6900 வருஷத்துக்கு முன்னாடி 27 சதவீதமா இருந்த உதிராத வகை, 300 வருஷத்துல 39 ஆயிருக்கு. எத்தனை தலைமுறை அறுத்து விதைச்சிருப்பாங்க, அவங்க கண்ணுக்கு ஒண்ணுமே மாறின மாதிரி தெரிஞ்சிருக்காது.

விதை தூங்குற பழக்கமும் இப்படித்தான் போச்சு. காட்டு விதை மொத்தமா முளைக்காது, மழை பொய்ச்சா எல்லாம் செத்துடும்ல, கொஞ்சத்தை மண்ணுக்குள்ளயே வச்சிருக்கும். விதைச்ச நிலத்துல லேட்டா வந்தா அறுவடைக்கு ஆகாது, அவ்ளோதான்.

களை எடுக்கறதும் தெரியாமலே தேர்ந்தெடுக்கறதுதான்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நெல் வயல்ல குதிரைவாலி இனத்துப் புல் ஒண்ணு வரும், நெல்லு மாதிரி இல்லாததை எல்லாம் கை பிடுங்கிப் போட, நாத்து மாதிரியே நிமிர்ந்து நிக்கறது மட்டும் தப்பிச்சு தப்பிச்சு, இப்ப பக்கத்துல போய்ப் பார்த்தாலும் பிரிக்கறது கஷ்டம். ரை தானியமே கோதுமை வயல்ல களையா ஒட்டிக்கிட்டு வந்து அப்புறம் பயிரானதுன்னு சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவ்.

தெரிஞ்சே தேர்ந்தெடுத்தா மட்டும் எல்லாம் நம்ம கட்டுப்பாட்டுல இருக்கும்னும் இல்ல. தக்காளி காயா இருக்கும்போதே ஒரே சீரா வெளிர் பச்சையா இருந்தா பறிக்கற பக்குவம் சுலபமா தெரியும்னு போன நூற்றாண்டுல அந்த வகையையே எடுத்துட்டு வந்தாங்க. 2012ல ஆராய்ஞ்சு பார்த்தா, அந்த நிறத்துக்குக் காரணம் ஒரு ஜீன் வேலை செய்யாம போனது, காயில பச்சையம் சேர்க்குற ஜீன் அது, பச்சையம் குறைஞ்சதுல பழத்தோட சர்க்கரையும் குறைஞ்சிருக்கு. பார்வைக்காக எடுத்த முடிவு ருசியில போய் விழுந்துடுச்சு. நல்லவேளை காட்டுத் தக்காளியில அந்த ஜீன் இன்னும் சரியா வேலை செய்யுது, அதைத் திரும்ப ஏத்திப் பார்த்தப்போ சர்க்கரையும் கூடியிருக்கு.