கம்ப்யூட்டர் சயின்ஸ விட்டுட்டு கெமிஸ்ட்ரி எடுத்த கதை

நாலு செமஸ்டர் இன்ஜினியரிங் முடிச்சிட்டு, அதை விட்டுட்டு பிஎஸ்சி கெமிஸ்ட்ரில முதல் வருஷத்துல போய் உக்காந்தேன். இன்னிக்கு வரைக்கும் ஊர்ல யாரைப் பாத்தாலும் மொத கேள்வி "பெயிலாயிட்டியா?" தான். இல்ல. ஒரு அரியர் கூட இல்ல. அதனாலதான் வீட்ல சொல்றதுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பெயிலாயிருந்தா ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

எங்க ஊரு காரைக்குடிகிட்ட, ஆத்தங்குடி பக்கம். அப்பா, தரைக்குப் போடுற பூப்போட்ட தளக்கல்லு செய்யுற பட்டறைல வேலை பாக்குறாங்க. எங்க குடும்பத்துல நான் தான் மொத பட்டதாரியா வரணும், +2ல மார்க் வந்ததும் சொந்தக்காரங்க எல்லாரும் கம்ப்யூட்டர் தான் கம்ப்யூட்டர் தான்னு சொன்னாங்க, எனக்கும் வேற எதுவும் தெரியல, கவுன்சிலிங்ல அதையே போட்டேன். முதல் பட்டதாரி சலுகை போக மிச்ச பீஸுக்கும் பஸ்ஸுக்கும் அப்பா முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கினாங்க. அந்த அட்வான்ஸ் தான் ரெண்டு வருஷமும் என் வாயைக் கட்டிப் போட்டுச்சு.

மொத செமஸ்டர்ல எல்லாருக்கும் பொதுவா கெமிஸ்ட்ரி லேப் உண்டு. தண்ணியோட கடினத்தன்மை பாக்குற எக்ஸ்பெரிமெண்ட் ஒண்ணு, வீட்டுத் தண்ணி கொண்டு வாங்கன்னாங்க. மத்த பிள்ளைங்க கேன் தண்ணி கொண்டு வந்தாங்க, நான் பட்டறைல கல்லு ஊறப் போடுற தொட்டிக்குப் புடிக்கிற கிணத்துத் தண்ணிய பாட்டில்ல எடுத்துட்டுப் போனேன். பஃபர் கரைசல் ஊத்தி, எரியோகுரோம் பிளாக் டிங்கிற நிறம் காட்டுற சாயம் ரெண்டு சொட்டு விட்டதும் அரக்குச் சிவப்பா ஆச்சு. ப்யூரெட்ல இருந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் புடிச்சுக்கிற ஈடிடிஏ கரைசல ஒவ்வொரு சொட்டா விடுறேன், பிளாஸ்க்க சுத்திக்கிட்டே இருக்கேன், சிவப்பு அப்படியே நிக்குது, நிக்குது, ஒரு ஊதா வந்து மிரட்டுது, அப்புறம் ஒரே ஒரு சொட்டுல மொத்தமும் நீலம். பக்கத்துல இருந்தவளுக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு, எனக்கு மட்டும் எக்கச்சக்கமா இழுத்துச்சு, அவ்வளவு கால்சியமும் மெக்னீசியமும் அந்தத் தண்ணில. பஸ்ல வரும்போது பூரா அதே நெனப்பு, இந்தத் தண்ணில ஊறுற கல்லுக்குள்ள என்ன நடக்கும்னு.

அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா வாயைத் திறந்தது நாலாவது செமஸ்டர் முடியுறப்போ. கோர்ஸ் மாறினத நினைச்சு நான் ஒரு நாளும் வருத்தப்படல, ஒரு வருஷம் சும்மா பயந்துக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுக்குத் தான் வருத்தம். மொத வருஷம் முடிஞ்சதும் சொல்லியிருந்தா ஒரு வருஷப் பீஸ் மிச்சம், ஒரு வருஷ வயசும் மிச்சம். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, முடிச்சிரலாம்"னு ஒவ்வொரு செமஸ்டரும் தோணும், அந்த "இவ்வளவு தூரம்" தள்ளிப்போடப் போட இன்னும் பெருசாகுமே தவிர குறையாது.

இதே யோசனைல இருக்குறவங்களுக்கு சில விஷயம் சொல்லணும். நான் டிஸ்கன்டினியூ பண்றேன்னு லெட்டர் குடுத்ததும் காலேஜ் ஆபீஸ்ல மிச்ச ரெண்டு வருஷப் பீஸையும் கட்டினாத்தான் டிசியும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் தருவோம்னாங்க. அப்பா அங்கயே படில உக்காந்துட்டாங்க. அப்படி கேக்கக் கூடாது. காலேஜுக்கெல்லாம் விதி போடுற யுஜிசி 2018லயே அறிவிப்பு போட்டிருக்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாது, சரிபாத்துட்டுத் திருப்பித் தந்திரணும், படிக்காத வருஷத்துக்குப் பீஸ் முன்கூட்டியே வாங்கவும் கூடாது. இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு விதி போடுற ஏஐசிடிஇயும் அதையே தான் சொல்லுது. அந்த அறிவிப்ப பிரிண்ட் எடுத்து லெட்டரோட சேத்து குடுத்தோம், மூணு தடவ அலைய விட்டாங்க, ஆனா குடுத்தாங்க. கட்டின பீஸ திருப்பி வாங்குறதுக்கும் அந்த 2018 அறிவிப்புல ஒரு கணக்கு போட்டிருந்தாங்க: அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளைக்கு முன்னாடியே விலகினா 100 சதவீதம், அதுக்கப்புறம் கடைசி தேதி வரைக்கும் 90, தேதி தாண்டி 15 நாளுக்குள்ள 80, 30 நாளுக்குள்ள 50, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சுப் போன எனக்கு ஒத்த ரூபாய் வரல. ஏற்கனவே எழுதின பேப்பர் எதுவும் புது கோர்ஸ்ல கணக்குல வரல, மறுபடி முதல்ல இருந்து தான்.

காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரில சீட் கெடச்சுது. 1947ல வள்ளல் அழகப்ப செட்டியார் ஆரம்பிச்ச காலேஜ். அதே மனுசன் தான் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்த, நம்ம சிக்ரிய, இங்க கொண்டு வந்தாரு, 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல தொறந்தாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு தடவ அதைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க, கடல் தண்ணில இரும்பு துருப்பிடிக்காம எப்படி காப்பாத்துறதுன்னு ஒரு அக்கா விளக்கினாங்க. அப்ப கூட இது நமக்கும் ஒரு வழின்னு எனக்கு உறைக்கல, சொல்றதுக்கும் ஆளில்ல. வீட்டு வாசல்ல இவ்வளவு பெரிய கெமிஸ்ட்ரி நிலையத்த வச்சுக்கிட்டு நம்ம பிள்ளைங்க அத்தனை பேரும் கண்ண மூடிக்கிட்டு கம்ப்யூட்டருக்கே ஓடுறது எனக்கு உண்மைலயே ஆதங்கமா இருக்கு.

அப்பாகிட்ட சொன்ன நாளை சொல்லாம விட்டுட்டேன். பட்டறைல வச்சுத்தான் சொன்னேன். அப்பா கண்ணாடித் தகட்டு மேல அச்ச வச்சு சிவப்பும் மஞ்சளும் கரண்டில ஊத்திக்கிட்டு இருந்தாங்க, அச்ச எடுத்துட்டு, மேல உலந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் குழைச்ச சிமெண்ட அப்பி மட்டம் தட்டினாங்க. ஏதாச்சும் பேசுவாங்கன்னு நிக்கிறேன், பேசல. அந்தக் கல்ல முடிச்சு கீழ வச்சிட்டுத் தான் கேட்டாங்க, "ஏத்தா, நாளைக்கு இதையெல்லாம் காய விடாம தண்ணித் தொட்டில போடுறோமே, அது எதுக்குன்னு அந்தப் படிப்புல சொல்லுவாகளா?"

சொல்லுவாங்கப்பான்னேன். அப்ப எனக்கே சரியாத் தெரியாது.

போன மாசம் தான் முழுசா சொன்னேன். சிமெண்டு காஞ்சு இறுகுறது இல்லப்பா, தண்ணியோட சேந்து வினை நடந்து தான் இறுகுது, தண்ணி பாதில தீந்துட்டா அந்த வினை நின்னுரும், அதான் ஊறப் போடுறோம்னு. அப்பா கண்ணாடிய கல்லுல இருந்து கழட்டிக்கிட்டே கேட்டாங்க. பூ போட்ட கல்லு ஒண்ணு, பளபளன்னு வந்துச்சு. அதுக்கு அடுத்ததுல ஓரமா வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. அத வெரலால தேச்சு என்கிட்ட காட்டினாங்க.

அதுவும் தெரியும், உள்ள இருக்கிற சுண்ணாம்பு தண்ணில கரைஞ்சு மேல வந்து காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேந்து கார்பனேட்டா படியுதுன்னேன்.

"சரித்தா. வராம இருக்க என்ன செய்யணும்?"

தொட்டித் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கேன், திங்கக்கிழமை லேபுக்கு எடுத்துட்டுப் போறேன்.