34 வாரம், 31 படம்: ஆயா உட்கார்ற உயரத்துல ஒரு கேமரா

ஜனவரில ஆரம்பிச்சேன். வாரம் ஒரு படம், சனிக்கிழமை நைட், எனக்கு ஏற்கனவே பழக்கமான டைப்பா இருக்கக்கூடாது, அவ்ளோதான் ரூல். இன்னிக்கு நோட்டைப் புரட்டிப் பாத்தா 34 வாரத்துல 31 படம், மூணு சனிக்கிழமை ஆபீஸ் வேலைல போயிடுச்சு. அதுக்கு முன்னாடி நான் பாத்ததெல்லாம் தமிழ், கொஞ்சம் மலையாள த்ரில்லர், ஹாலிவுட்ல பெருசா வர்றது. அதெல்லாம் இப்பவும் பிடிக்கும். ஆனா எதைப் பாத்தாலும் அடுத்து என்ன ஆகும்ங்கறதுலயே மனசு ஓடிட்டு இருக்கு, கண்ணு முன்னாடி இருக்கறதை நான் பாக்கவே இல்லன்னு ஒரு நாள் உறைச்சுது, அதுல இருந்து வந்ததுதான் இது.

முதல் தப்பை முதல்லயே சொல்லிடறேன். பெங்களூருல ஹலசூருல இருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோல போற நேரம் வீணாகுதேன்னு ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியோட ஸ்டாக்கர் (1979) படத்தை போன்ல போட்டேன். 2 மணி 40 நிமிஷப் படம், அதை நாலு நாளா துண்டு துண்டா பாத்து, இந்திராநகர் வர்றப்ப ஒரு காது, கே.ஆர்.புரம் வர்றப்ப ஒரு காதுன்னு கேட்டு, ஒன்னுமே ஒட்டல. படம் போர்னு நோட்டுல எழுதியும் வச்சேன். ஜூன்ல நைட்டு லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஹெட்ஃபோன் போட்டு மறுபடி பாத்தேன். மூணு பேர் ஒரு சின்ன தண்டவாள ட்ராலில உட்கார்ந்து தடை செஞ்ச இடத்துக்குள்ள போவாங்க, ரொம்ப நேரம் அவங்க தலை மட்டும்தான் தெரியும், சக்கரம் தடக் தடக்னு. அந்த தடக் தடக் கொஞ்சம் கொஞ்சமா வேற ஒரு சத்தமா மாறிட்டே வரும், எந்த இடத்துல மாறுச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. பழுப்பு நிறத்துலயே போயிட்டு இருந்த படம் திடீர்னு பச்சையா திறக்கும். எனக்கு சிலிர்த்துடுச்சு. முன்னாடி எழுதினதை அடிச்சுட்டேன்.

டிவி பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா இது தெரியாம நான் ஆறு படத்தைக் கெடுத்துக்கிட்டேன். நிறைய டிவில மோஷன் ஸ்மூத்திங்னு ஒன்னு தானாவே ஆன்ல இருக்கும். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், டிவி நடுவுல இல்லாத ஃப்ரேமை அதுவா உண்டாக்கி சொருகிடும், அதனாலதான் எந்தப் படமும் சீரியல் மாதிரி வழுவழுன்னு தெரியுது. அதை ஆஃப் பண்ணுங்க, பிக்சர் மோடை விவிட்ல இருந்து சினிமாவுக்கு மாத்துங்க, இந்த ரெண்டு செட்டிங்தான்.

புதுசா ஆரம்பிக்கறவங்க ஸ்டாக்கர்ல ஆரம்பிக்க வேணாம். ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியோட வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் (1987) பாருங்க, ஒன்றரை மணி நேரம் கூட கிடையாது. ஒரு பையன் தெரியாம ஃப்ரெண்டோட நோட்டை எடுத்துட்டு வந்துடறான், அதைத் திருப்பிக் கொடுக்க பக்கத்து ஊருக்கு ஓடறான், கதை இவ்ளோதான். குன்று மேல வளைஞ்சு வளைஞ்சு போற ஒத்தையடிப் பாதை, உச்சில ஒத்தை மரம், அதுல அந்தப் பையன் ஓடறதைப் பாக்கறப்ப எனக்கு எந்த சேஸ் சீன்லயும் வராத பதட்டம் வந்துச்சு.

அடுத்தது எதைப் பாக்கறதுன்னு எப்படி முடிவு பண்றேன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. உலகின் சிறந்த நூறு லிஸ்ட்டை வரிசையா பிடிச்சுட்டு போறது எனக்கு சரிவரல, பரீட்சைக்குப் படிக்கற மாதிரி ஆயிடுது. ஒரு படத்துல எது பிடிச்சுதோ அந்த நூலைப் பிடிச்சுட்டுப் போறேன். பாலு மகேந்திராவோட வீடு (1988) பாத்தேன், கேமராவும் அவரேதான், அதுல சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டுக்குத் தனியா போய் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு, அந்த வெளிச்சம் மனசை விட்டுப் போகல. இப்படி வெளிச்சத்தை வேற யார் பிடிச்சிருக்காங்கன்னு தேடினதுல சத்யஜித் ரேயோட அபராஜிதோ (1956) வந்து சேர்ந்தேன். அதுல வர்ற காசி வீட்டு முற்றம் கல்கத்தா ஸ்டுடியோல போட்ட செட்டுங்க! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேல வெள்ளைத் துணியைக் கட்டி, கீழ இருந்து விளக்கை அதுமேல அடிச்சு, திரும்பி விழற வெளிச்சத்துல எடுத்திருக்காரு. நாலு பக்கம் சுவர் இருக்கற முற்றத்துல வெயில் நேரா விழாம எப்படி இறங்குமோ அப்படியே இருக்கும். எங்க தெருவுலயும் இதேதான், எதிர் வீட்டு சுண்ணாம்புச் சுவத்துல பட்டுத்தான் எங்க சமையல்கட்டுக்கு வெளிச்சமே வருது. இத்தனை வருஷம் பாத்ததே இல்ல.

இப்ப ஆயா, அதாவது எங்க பாட்டி விஷயம். 19வது வாரம், ஜப்பான் இயக்குநர் ஓஸுவோட டோக்கியோ ஸ்டோரி (1953). 2012ல சைட் அண்ட் சவுண்ட்ங்கற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை இயக்குநர்கள் கிட்ட எடுத்த ஓட்டெடுப்புல இதுக்குத்தான் முதல் இடம். ஆயாவுக்கு அன்னிக்கு தூக்கம் வரல, "என்னடா அது, நானும் பாக்கறேன்"னு வந்து தரையில உட்கார்ந்துட்டாங்க. சப்டைட்டிலை நான் தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். முதல் சீன்லயே பிள்ளைங்களைப் பாக்க ஊருக்குக் கெளம்பற தாத்தா, காத்தடைக்கிற தலகாணி உன்கிட்டதான இருக்குன்னு பாட்டியைக் கேப்பாரு, அந்தம்மா என்கிட்ட இல்லன்னு சொல்லும், கடைசில இவரு பையிலயே இருக்கும். ஆயா சிரிச்ச சிரிப்பு! "உங்க தாத்தா அப்படியே இதுதான்டா." அதுக்கப்புறம் ரெண்டே கால் மணி நேரம் அசையல. பிள்ளைங்க பிஸியா இருந்துட்டு அப்பா அம்மாவை கடற்கரை ஹோட்டலுக்கு அனுப்பி வைக்கறப்ப மட்டும், "அதுங்களும் கெட்டதுங்க இல்ல"ன்னாங்க. நான் அந்தப் பிள்ளைங்க மேல கோவத்துல இருந்தேன். ஆயா சொன்னதுதான் சரி, படமும் அப்படித்தான் அவங்களைப் பாக்குது.

கடைசில தாத்தா தனியா விசிறிட்டு உட்கார்ந்து, தனியா இருந்தா நாள் ரொம்ப நீளமா போகும்னு சொல்வாரு. எனக்கு வாய் வரல. "என்ன சொல்றாரு, படிடா"ன்னாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "மத்தியானம் மூணு மணிதான் கஷ்டம். அப்புறம் பால்காரன் வந்துருவான்"னாங்க.

அந்தப் படத்துல ஒன்னு ரெண்டு இடம் தவிர கேமரா நகரவே இல்ல, எப்பவும் ரொம்பக் கீழ இருக்கும். மறுநாள் காலைல போனை எங்க ஹால் தரையில புக் மேல சாய்ச்சு வச்சு ரெக்கார்டு பண்ணிப் பாத்தேன். கதவு பெருசாத் தெரியுது, உள்ள வர்றவங்க உயரமா வந்து அப்புறம் உட்கார்ந்து முகத்துக்கு வர்றாங்க, ஜன்னல்ல வானம் தெரியுது. ஆயா நாள் பூரா பாக்கற வீடு இதுதான். சோஃபால உட்கார்ற எனக்கு இது தெரியாது.

அதுக்கப்புறம் ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஃப்ரேமை நோட்டுல பென்சில்ல வரையறேன். ஆள், கதவு, வெளிச்சம் எங்கிருந்து வருதுங்கற அம்புக்குறி, அவ்ளோ போதும். 15 வரைஞ்சாச்சு.

இந்த சனிக்கிழமை கிரீஷ் காசரவள்ளியோட கடஸ்ராத்தா (1977), கருப்பு வெள்ளை, கன்னடம். சப்டைட்டில் படிக்க வேண்டாம், ஆயாவுக்கு கன்னடம் என்னைவிட நல்லா தெரியும். எனக்குப் புரியாத இடத்துல அவங்கதான் சொல்லணும்னு கேட்டிருக்கேன், ஒன்பது மணிக்கே போட்ருன்னு சொல்லிட்டாங்க.