அப்பாவைத் திண்ணைக்குக் கொண்டுவர எட்டு மாதம்

அப்பா காபியை வாயில் வைத்ததும் அது உள்ளே இறங்காமல் வலது ஓரமாக வழிந்து பனியனை நனைத்திருக்கிறது. "பாத்துக் குடிக்கக் கூடாதா?" என்று அம்மா திட்டியிருக்கிறாள். கை மரத்துப் போயிருந்ததையும் ராத்திரி மடக்கிப் படுத்ததால் என்றுதான் நினைத்தாள். பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன்தான் அப்பாவின் வாய் கோணியிருப்பதைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தார். 2023 செப்டம்பர், கும்பகோணம். அப்பாவுக்கு அப்போது 67 வயது.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" ராத்திரி பத்து மணிக்கு என்றாள் அம்மா. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்தில் வந்தால் எந்த நேரத்தில் வந்தது என்று யார் கண்டது? கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்தக் கணக்கில் எங்களுக்கு நேரம் எப்போதோ முடிந்திருந்தது. இடது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, விழுங்குவது எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. பிரஷர் மாத்திரையை இரண்டு மாதமாக அவராகவே நிறுத்தியிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் மூன்று அட்டை பிரிக்காமல் கிடந்தன.

நான் கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்தேன். தம்பி மஸ்கட்டில். பதினோராம் நாள் டிஸ்சார்ஜ் செய்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். மூக்கில் உணவுக்குழாய், பக்கவாட்டில் மூத்திரப் பை, கையில் அரைப் பக்கத் தாள் ஒன்று. 'பிசியோதெரபி தொடரவும்' என்று அதில் இருந்தது. எப்படித் தொடர்வது, ராத்திரி எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, குழாயில் எதை எவ்வளவு ஊற்றுவது, ஒன்றும் இல்லை. ஒரு நர்ஸ் மட்டும் கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார். முதல் ஒரு மாதம் வீட்டை ஓட்டியது அந்தப் பத்து நிமிடம்தான்.

அவர் சொன்னவை இவை. குழாயில் ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே. மூக்கருகே குழாயில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருந்தால் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, கூப்பிட வேண்டும். ஊற்றும்போது இருமினால் உடனே நிறுத்த வேண்டும். முடிந்ததும் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். எல்லா மாத்திரையையும் பொடித்துக் கரைக்கக் கூடாது, சிலவற்றைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும், அதனால் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான்.

மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஆல்ஃபா பெட் வாங்கினோம், படுக்கைப் புண் வராமல் இருக்க மோட்டார் காற்றடிக்கும் மெத்தை. அதன் மோட்டார் ராத்திரி முழுக்க வண்டு மாதிரி முனகும். அது இருந்தால் திருப்பத் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னது பொய். நாலாவது நாள் வால் எலும்பு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அன்றிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் நேரம் எழுதத் தொடங்கினேன். '2 மணி இடது. 4 மணி நிமிர்ந்து. கஞ்சி 200. மூத்திரம் 350, மஞ்சள்.' ராகு காலம், எமகண்டத்துக்குப் பின்னால் அப்பாவின் மூத்திரக் கணக்கு.

பார்க்க வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புறா ரத்தம் தேய்த்தால் ஒரே மாதத்தில் எழுந்து நடப்பார் என்று மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் புறாவை நானே பிடித்துத் தருகிறேன் என்றார். அவர்களைக்கூட மன்னித்துவிடலாம். கட்டிலருகே குனிந்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று தேர்வு வைத்தவர்களைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அப்பாவுக்கு எல்லாரையும் தெரிந்தது. பெயர்தான் வாயில் வரவில்லை. கேள்வி கேட்டவர் உச்சுக் கொட்டிவிட்டுப் போன பிறகு அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அம்மா, "அவருக்கு உன்னைத் தெரியுது, உனக்குத்தான் அவரைத் தெரியல" என்று பெரிய அத்தையிடமே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது.

பேச்சு வந்த கதை விசித்திரமானது. வாயிலிருந்து வந்த முதல் சொல் 'சனியன்'. மூக்குக் குழாயைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு, அழுகை இரண்டும் வந்தது. அடுத்து வந்தது 'சில்லறை'. அப்பா அரசு பஸ்ஸில் 29 வருஷம் கண்டக்டர். தண்ணீர் வேண்டுமானாலும் சில்லறை, தலையணையை நகர்த்த வேண்டுமானாலும் சில்லறை, அம்மாவைக் கூப்பிடுவதும் சில்லறை. தான் வேறு எதையோ சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முயல்வார், மறுபடி சில்லறையே வரும்.

ஒரு நாள் தம்பி வீடியோ காலில் விளையாட்டாக, "தஞ்சாவூர் எடுத்தாச்சாப்பா?" என்று கேட்டான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னார்: "அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், தாராசுரம், கும்மோணம் எறங்கு." ஒரு ஊர் பிசகவில்லை. பேச்சு வந்துவிட்டது என்று நாங்கள் தெருவுக்கே சொல்லிவிட்டோம். ஸ்பீச் தெரபிஸ்ட்தான் தரையில் இறக்கினார். ஒன்று, இரண்டு எண்ணுவது, கிழமைகள், மனப்பாடப் பாட்டு, வசவு எல்லாம் பழக்கத்தில் தானாக வருபவை. அவை வந்தால் தேவைப்பட்ட சொல்லும் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. அது சரிதான். பாபநாசம் சொன்னவரால் அன்று மாலை 'பசி' சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்த வரிசையைத் தெரபிஸ்ட் ஒரு படியாகப் பயன்படுத்தினார். "அய்யம்பேட்டை, பண்டாரவாடை..." என்று தொடங்கிக் கொடுத்து அடுத்ததை அப்பாவைச் சொல்லவிட்டு, பிறகு 'சோறு சாப்பிட...', 'தண்ணி குடிக்க...' என்று பாதி வாக்கியங்களுக்கு வந்தார். மூன்றாவது மாதம்தான் 'வேண்டாம்' வந்தது. வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் வேண்டாம்.

விழுங்குவதில் எங்களுக்கு ஒரு பெரிய தவறான எண்ணம் இருந்தது. தண்ணீர்தான் சுலபமாக இறங்கும் என்று நினைத்திருந்தோம். தண்ணீர்தான் மிக ஆபத்து. நாக்கும் தொண்டையும் சுதாரிப்பதற்குள் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூழ் பதத்தில் இருப்பது மெதுவாகப் போகும். ஐந்தாவது வாரம் குழாயை எடுத்தபோது கேழ்வரகுக் கூழும், குழைய மசித்த தயிர் சாதமும்தான் முதலில். உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாக, ஸ்பூனால்.

அங்கேதான் அடுத்த சண்டை வந்தது. கொஞ்சம் தேறியதும் அவரே சாப்பிட வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். சின்னப் பெண், வாரம் மூன்று நாள் வருவார், ஒரு தடவைக்கு 400 ரூபாய். சாப்பிடுவது என்றால் இடது கையால். அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். பீச்சாங்கையால் சோறு தின்பதா? மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஊட்டினால் மட்டும் சாப்பிட்டார். அம்மாவுக்கும் ஊட்டுவதுதான் பிடித்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சட்டை போட்டுவிடுவது, தலை சீவுவது, கண்ணாடியை மாட்டிவிடுவது என்று அவர் ஒரு விரல் அசைப்பதற்குள் அவள் முடித்துவிடுவாள். நான் மட்டும் என்ன? அவர் கையை நீட்டுவதற்குள் டம்ளரை வாயருகே கொண்டுபோயிருப்பேன். சின்ன வயசில் எங்களிடம் சட்டைப் பொத்தானை நாங்களே போடச் சொன்ன மனிதர்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் அம்மாவிடம், "ஆன்ட்டி, நீங்க ஒரு மணி நேரம் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார். என்னையும் சமையலறையில் இருக்கச் சொன்னார். அப்புறம் அப்பாவிடம், "ஐயா, டிக்கெட் கட்டை எந்தக் கையில புடிப்பீங்க?" என்று கேட்டார். அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். "விரல் இடுக்குல நோட்டு?" அதுவும் இடது கைதான். "29 வருஷம் சம்பாதிச்ச கைதானே ஐயா இது" என்றார். கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பூனை எடுத்தார். பாதி சோறு மடியில். சாப்பிட 40 நிமிடம் ஆயிற்று. கோயிலிலிருந்து வந்த அம்மா தரையில் கிடந்த பருக்கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்தாள்.

பெரிய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது நான் செய்தது. எழுப்பி உட்கார வைக்கும்போது வலது கையைப் பிடித்து இழுத்துத்தான் தூக்குவேன். செயலிழந்த பக்கத்துத் தோளைத் தசைகள் தாங்காது, மூட்டே இறங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மாதம் தோள்வலி தொடங்கியது. ராத்திரியெல்லாம் முனகினார். அவரால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது, நாங்கள் வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தோம். தோளுக்கு மேல் விரலை வைத்தால் எலும்புக்கும் குழிக்கும் நடுவே ஒரு பள்ளம். அப்புறம்தான் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குவது, உட்காரும்போது கைக்கடியில் தலையணை வைப்பது எல்லாம் கற்றுக்கொண்டோம். அந்த வலி முழுசாகப் போகவில்லை.

குளிப்பாட்டுவது என்னால் முடியும், அவரால்தான் முடியவில்லை. மகள் எதிரில் வேட்டியை அவிழ்க்க மாட்டேன் என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சட்டென்று அழுவது, சட்டென்று சிரிப்பது இரண்டும் அந்த நோயோடு வருபவை என்றார் டாக்டர். ஆனால் இது அந்த அழுகை இல்லை. காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆண் உதவியாளரை வைத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இந்தச் செலவை முதல் நாளிலேயே செய்திருக்கலாம். மூன்றாம் மாதம் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு படுத்தபோது மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை.

நடையைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதத்தில் கிடுகிடுவென்று முன்னேற்றம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், பிடித்துக்கொண்டு நின்றார், வாக்கரில் நாலு எட்டு வைத்தார். அப்புறம் வேகம் குறைந்தது. எங்கள் பழைய வீட்டில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி உண்டு. கூடத்திலிருந்து திண்ணைக்குப் பதினெட்டு அடி தூரம், குறுக்கே இரண்டு படி. தச்சர் வந்து பலகையைச் சரிவாக வைத்துக் கொடுத்தார். குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் ஒரு கமோடு சேரும் போட்டோம். நாலாம் மாதம் அங்கேயே வழுக்கி விழுந்தார். காரணம், 'வழுக்காத' மிதியடி. எலும்பு முறியவில்லை, ஆனால் பயத்தில் இரண்டு வாரம் எழுந்திருக்கவே இல்லை. கஷ்டப்பட்டு ஏறியதில் பாதி இறங்கிவிட்டது.

இந்த இடைவெளியில் தெருவுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா பெரிய உதவி. 2021இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். பிரஷர் பார்த்து, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அதில் பிசியோதெரபியும் உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பார். விபூதி டப்பா விஷயம் அவருக்கும் தெரிந்துபோயிருந்தது.

2024 மே மாதம் ஒரு காலையில் நாலு கால் குச்சியை ஊன்றி, வலது காலை வீசி வீசி, யாரும் பிடிக்காமல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றைய காலண்டர் தாளில் '18 அடி, 6 நிமிடம்' என்று எழுதியிருக்கிறேன். வலது கை இன்றும் மடிமேல்தான் கிடக்கிறது. பேச்சில் பாதி வருகிறது, மீதியை நாங்கள் ஊகிக்கிறோம். ஊகித்தது தப்பானால் கோபம் வருகிறது.

ஆல்ஃபா பெட் பரணில் சும்மா கிடந்தது. போன மாதம் பின் தெருவில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு இப்படியே ஆகிவிட்டது என்று அவர் மகன் கேட்டு வந்தார். அம்மா மோட்டாரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இது இருந்தாலும் ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடணும் தம்பி" என்றாள். அவர் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியபோது, திண்ணையிலிருந்த அப்பா குச்சியால் தரையைத் தட்டி நிறுத்தினார். இடது கையால் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

"கை... இழு..." கண்ணை மூடித் திறந்தார். "இழுக்காத."