மைதான்: நைனா போட்ட மார்க், நான் போட்ட மார்க்

இந்திய ஃபுட்பால் பற்றிய மூன்று மணி நேர இந்திப் படம். முதல் ஒரு மணி நேரம் நைனா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "தங்கராஜ் எப்ப வருவாரு?"

நைனா எழுபதுகளில் வியாசர்பாடியில் கோல் கீப்பர். கிளவுஸ் கிடையாது. மழையில் ஊறிக் கல்லாய்க் கனக்கும் தோல் பந்தை வெறுங்கையால் பிடித்தவர். அப்படிப் பிடித்ததில் ஒரு தடவை விலகிய இடது மோதிர விரல் இன்றைக்கும் வெளிப்பக்கம் வளைந்தேதான் இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது அந்த விரல் மட்டும் உதவிக்கு வராது.

2024-ல் வந்தபோது தியேட்டரில் விட்டுவிட்டேன். போன ஞாயிறு வீட்டு டிவியில் போட்டேன். நைனாவுக்கு இந்தி தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பு. படம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் ஆரம்பிக்கிறது. யூகோஸ்லாவியாவிடம் 10-1 தோல்வி. நம் ஆட்கள் பலர் வெறுங்காலில் ஓடுகிறார்கள். "வெறுங்கால்ல ஆடுறது தப்பில்ல கண்ணு. எதிர்ல பூட்ஸ் போட்டவன் நிக்கிறானே, அதான் தப்பு" என்றார். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் கதை இது. முதலில் பள்ளி ஆசிரியர். 1950-லிருந்து 1963-ல் புற்றுநோயில் இறக்கும்வரை இந்திய அணி பெரும்பாலும் அவர் கையில்தான். 1956 மெல்போர்னில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்குத் தங்கம் இல்லை. அஜய் தேவ்கன் சத்தம் போடாமல் நடித்திருக்கிறார், எனக்குப் பிடித்தது. மனைவியாக வரும் பிரியாமணிக்கு இன்னும் நாலு சீன் கொடுத்திருக்கலாம்.

என் வருத்தம் வேறு. கமிட்டி அறையில் உட்கார்ந்து சதி செய்கிறவர்களுக்கும், ரஹீமை மட்டம் தட்டும் பத்திரிகைக்காரருக்கும் படம் அள்ளி அள்ளி நேரம் கொடுக்கிறது. ரஹீமின் மூளைக்கு அவ்வளவு இல்லை. 4-2-4 அமைப்பை (பின்னால் நாலு பேர், நடுவில் இரண்டு, முன்னால் நாலு) இங்கே கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிற மனிதர். ஜர்னைல் சிங் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் டிஃபென்டர். ஜகார்த்தாவில் தாய்லாந்து மேட்சில் தலை உடைந்து தையல் போட்டிருக்கிறது. எந்தக் கோச்சும் பெஞ்சில் உட்கார வைப்பார். ரஹீம் அவரை முன்னால் தூக்கிப் போட்டு சென்டர் ஃபார்வேர்டாக ஆட வைத்தார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். அந்த முடிவை ஒருத்தர் எப்படி எடுக்கிறார்? நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த ராத்திரியைத்தான். கிடைத்தது ரஹீமின் இருமல்.

ஆனால் கடைசியில் வரும், தென் கொரியாவுடனான ஜகார்த்தா இறுதிப் போட்டி... அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். கேமரா பந்தோடு தரையில் ஓடுகிறது, புல் கண்ணில் குத்துகிறது. லட்சம் பேர் நிறைந்த அரங்கம், அத்தனை பேரும் நமக்கு எதிர். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி எதிர்த்துப் பேசிய கோபம் அது. 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல், 20-வது நிமிடம் ஜர்னைல் கோல். ரிசல்ட் தெரிந்த மேட்ச்தான், ஆனாலும் நான் சோபா நுனியில்.

நைனா அதற்கு முன்பே நுனிக்கு வந்துவிட்டார், ஏனென்றால் போஸ்டில் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்த தமிழர். காய்ச்சலில் படுத்திருந்தவர், அப்போது அவருக்குப் பதில் பிரத்யுத் பர்மன்தான் நின்றார். கொரியாக்காரர்கள் உயரத்தில் போடும் பந்துக்கு உயரமான ஆள் வேண்டும் என்று இறுதிக்குத் தங்கராஜை இறக்கினார்கள். "அவரு மொதல்ல சென்டர் ஃபார்வேர்டு, தெரியுமா? அப்புறம்தான் கீப்பர். ஃபார்வேர்டு மூளை இருக்கறவன்தான் நல்ல கீப்பர்" என்றார் நைனா. நைனாவும் அப்படித்தான் ஆரம்பித்தாராம். முப்பத்தைந்து வருஷமாக எனக்குச் சொல்லாத சங்கதி.

அணியில் எத்திராஜ் என்று இன்னொரு தமிழ்ப் பெயரும் உண்டு. ரோமில் 1960-ல் பெரு அணிக்கு எதிராக நம் ஒரே கோலை அடித்தவர் திருச்சிக்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான். நம் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

என் மார்க் ஐந்துக்கு மூன்றேகால். அந்த முக்கால்வாசி வில்லத்தனத்தை வெட்டியிருந்தால் நாலு. நைனா நாலரை போட்டார். அரை ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

85-வது நிமிடத்தில் கொரியா ஒரு கோல் போட்டது அல்லவா? அதுக்குத்தானாம்.

"அது கீப்பர் மேல தப்பு இல்ல. டிஃபென்டர் ஆளை விட்டுட்டான். அதை இவனுங்க சரியா காட்டல."