கலீனாவில் நாற்பது நிமிடம் நகராமல் நின்ற முனை

நேற்று மாலை நானே செய்த படிகப் பெட்டியில், அதாவது கனிமத் துண்டால் இயங்கும் பழங்கால ரேடியோவில், திருச்சி வானொலி நிலையம் நாற்பது நிமிடம் விடாமல் ஒலித்தது. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை, கடையில் வாங்கும் டையோடும் இல்லை. ரேடியோ அலையிலிருந்து ஓசையைப் பிரித்துத் தர ஒரு துண்டு கலீனாக் கனிமமும் அதைத் தொட்டு நிற்கும் கம்பி முனையும்தான். நான்கு மாத உழைப்பு இது. மார்தட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

ஜெர்மானியம் டையோடு போட்டிருந்தால் முதல் நாளே கேட்டிருக்கும். எனக்கு அது வேண்டாம். 1924 ஜூலை 31 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, படிகப் பெட்டி வைத்திருந்தவர் எப்படித் தேடிப் பிடித்துக் கேட்டிருப்பாரோ அப்படி ஒரு மாலையைக் கேட்க வேண்டும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய அந்தக் கிளப்பின் கையில் முதலில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு பழைய குண்டு பல்புக்குப் போகும் மின்சாரம். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் பாட்டும் பேச்சும் அனுப்பினார்கள்!

சுருளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், 26 கேஜ் இனாமல் கம்பி, 50 சுற்று. நிலையத்தைத் தேர்ந்தெடுக்க, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர். கம்பியை மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்கு வாங்கினேன். மொட்டை மாடியில் முப்பது மீட்டர் ஏரியல், கிணற்றடி இரும்புக் குழாயில் எர்த்.

வதைத்தது கலீனாதான். முதல் துண்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். அஞ்சனக்கல் என்று கேட்டால் அவர்கள் தருவதில் பல துண்டுகள் ஈய சல்பைடு, அதாவது கலீனா. கையில் எடுத்தாலே கனம் தெரியும். உடைத்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளக்கும். ஊசி ஊசியாக இருந்தால் அது ஆன்டிமனி சல்பைடு, விட்டுவிடுங்கள். பளபளப்பான நல்ல துண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பித்தளைக் கிண்ணியில் சாதாரண ஈயப் பற்றால் ஒட்டினேன். அதோடு அது செத்தது. அந்தச் சூடு கலீனாவின் உணர்திறனைக் கெடுத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வுட்ஸ் உலோகத்தில் பதித்ததற்குக் காரணம் இதுதான்: எழுபது டிகிரியில், வெந்நீரிலேயே உருகிவிடும். இரண்டாவது துண்டை அப்படிப் பதித்தேன். வுட்ஸ் உலோகத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. சமையல் பாத்திரத்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பதித்த பிறகு கல்லின் முகத்தை விரலால் தொடவும் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே போதும், அந்த இடம் ஊமையாகிவிடும்.

அடுத்தது முனை. தையல் ஊசி கல்லைக் கீறியது. வீணையின் எஃகுத் தந்தி விறைப்பாக நின்றது. கடைசியில் கித்தாரின் தடித்த தந்தி ஒன்றின் மேல் சுற்றியிருந்த பாஸ்பர் வெண்கலக் கம்பியைப் பிரித்தெடுத்து, ஊசியில் நான்கு சுற்று சுற்றிச் சுருள்வில்லாக்கி, நுனியைச் சாய்வாக வெட்டினேன். இதற்கு ஈடு வேறில்லை. ஈ உட்காரும் அழுத்தம்தான் வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் ஓசை மங்கிவிடுகிறது.

ஆனால் எங்கே தொடுவது? கல் முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓர் இடத்தில் தெளிவாகக் கேட்கும், மயிரிழை தள்ளினால் ஒன்றுமே இருக்காது. நிலையம் ஒலிக்காத நேரத்தில் தேடினால் கல் சரியில்லையா, காற்றில் அலையே இல்லையா என்றும் தெரியாது. இதற்கும் பழையவர்களிடமே வழி இருந்தது. ஏரியல் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பஸ்ஸரை அலற விடுவார்கள். அதன் தொடுமுனையில் எழும் தீப்பொறி சிறு ரேடியோ அலையாகிறது. முனை நல்ல இடத்தில் பட்டதும் ஹெட்ஃபோனில் 'கொர்ர்' என்று கேட்கும். பழைய காலிங் பெல் பஸ்ஸரை அடுத்த அறையில் வைத்துத் தேடினேன். மூன்று வாரம் கிடைக்காத இடம் இருபது நிமிடத்தில் கிடைத்தது.

ஹெட்ஃபோன் விஷயத்தில் ஒரு வருத்தம். 4000 ஓம் என்று சொல்லி ஒரு வியாபாரி அனுப்பியதில் ஒரு பக்கச் சுருள் அறுந்திருந்தது. பணமும் திரும்பவில்லை. பழைய ஹெட்ஃபோன் வாங்குகிறவர்கள் மீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். பிறகு சென்னை ரிட்சி தெருவில் நண்பர் ஒருவர் தேடிப் பிடித்துக் கொடுத்ததைத்தான் இப்போது வைத்திருக்கிறேன்.

நேற்று மின்விசிறியை நிறுத்தினேன். அதன் இரைச்சலில் எதுவும் கேட்காது; மேசை அதிர்ந்தால் முனையும் நகர்ந்துவிடும். வியர்வை வழிய 936 கிலோஹெர்ட்ஸைப் பிடித்தேன். முதலில் வேளாண்மைப் பேச்சு, பிறகு ஒரு வயலின் கச்சேரி. வில் திரும்பும் ஓசைகூடக் கேட்டது. எந்த ஆம்ப்ளிஃபயரும் நடுவே இல்லாததால் குரலில் ஒரு சுத்தம் இருக்கிறது, கேட்டால்தான் புரியும். தெருவில் லாரி போனதும் எல்லாம் அணைந்துவிட்டது.

திருச்சி 100 கிலோவாட் நிலையம், கிளப்பின் 40 வாட்டைப்போல 2,500 மடங்கு. வலுக்குறைந்த அலையில் கலீனா இன்னும் கஞ்சம் பிடிக்கும்: அலையின் திறன் பாதியானால் ஓசையின் திறன் கால்பங்காகிவிடும். ஆகவே ஏரியலைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, 1924-இன் ஓசை எந்த அளவில் வந்திருக்கும் என்று பார்க்கப் போகிறேன். பணமில்லாமல் 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. அதன் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பியது. அதற்குள் எத்தனை பேர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு முனையைத் தள்ளியிருப்பார்கள்!

பெட்டிக்குத் தேக்குப் பலகை இன்னும் அறுக்கவில்லை. அதற்குள் சிங்கைட், போர்னைட் என்ற இரு கனிமங்கள் ஒன்றையொன்று தொடும் இரட்டைப் படிகத்துக்குக் கல் தேட ஆரம்பித்துவிட்டேன். லாரிக்கு அது அசையாது என்கிறார்கள்.

முனையை மறுபடி வைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். காதில் மாட்டிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. ஹெட்ஃபோனை வெண்கல உருளிக்குள் கவிழ்த்து வைத்தேன். குடும்பமாகக் கேட்க அந்தக் காலத்தில் செய்த உபாயம் அது. அம்மா குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். "கல்யாணி வாசிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து உருளிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.