நான் மகாதேசாதிபதியா இருந்த பின்னேரம்

மலர்க் குழுவில இருந்து கேட்டவை, உங்கட காலத்து ஆசிரியர் ஒருத்தரப் பற்றி எழுதித் தாங்கோ எண்டு. எனக்கு உடன ஞாபகம் வந்தது எங்கட அரசியல் மாஸ்டர்தான், அவரப் பற்றி எழுதுறதெண்டா 1977 மாசி மாதத்தில ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தைப் பற்றித்தான் எழுதோணும்.

ஏ.எல். ஆர்ட்ஸ் வகுப்பு ரெண்டையும் ஒண்டாக்கி பிரதான மண்டபத்தில சேர் ஒரு மாதிரிப் பாராளுமன்றம் வைச்சவர். சும்மா விவாதம் இல்லை, உண்மையா நடந்த ஒண்டை அப்பிடியே திருப்பி நடத்தினவர். 1960 பங்குனித் தேர்தல். 151 தொகுதியில டட்லி சேனநாயக்காவின்ர யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) க்கு 50, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15, மிச்சம் இடதுசாரிக் கட்சிகள், மற்றக் கட்சிகள். அஞ்சு எம்.பி. க்கு ஒரு பெடியன் எண்ட கணக்கில எங்களில 30 பேரைப் பிரிச்சார், பத்துப் பேர் யூ.என்.பி., ஒன்பது பேர் சுதந்திரக் கட்சி, மூண்டாம் வாங்கில மூண்டு பேர் தமிழரசு. நான் ஒரு கட்சியிலயும் இல்லை. அதிபற்ற அறையில இருந்து கொண்டுவந்த கைபிடி வைச்ச கதிரையில என்னை இருத்தி, நீர்தான் மகாதேசாதிபதி எண்டார், அதாவது அந்தக் காலத்தில இலங்கையில மகாராணியின்ர பிரதிநிதி.

முதல்ல சபாநாயகர் தெரிவு. 1960 இல அரசாங்கம் நிறுத்தின ஆள் அதிலயே தோத்து டி.பி. சுபசிங்க வந்தவர், எங்கட மண்டபத்திலயும் அதுதான் நடந்தது. பத்துப் பேரை வைச்சுக்கொண்டு முப்பது பேருக்குள்ள எதைத்தான் வெல்லுறது? ஆனாலும் தனிக்கட்சியா ஆகக்கூட எம்.பி. மார் டட்லியிட்டத்தான் இருந்தவை, அதால அவரைத்தான் பிரதமராக் கூப்பிட்டது. அப்பதான் சேர் கரும்பலகையில எழுதினார், இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது: "சனம் தெரிவு செய்யிறது சபையை. அரசாங்கத்தை வைச்சிருக்கிறதும் அனுப்புறதும் சபை." நாங்கள் அதுவரைக்கும் தேர்தல்ல ஆர் வெண்டதோ அவைதான் அஞ்சு வருசம் ஆளுவினம் எண்டுதான் நினைச்சிருந்தனாங்கள்.

பிறகு சிம்மாசனப் பிரசங்கம். அரசாங்கம் என்ன செய்யப்போகுது எண்டு சொல்லுற அந்த உரையில வோட்டு எடுத்துத் தோத்தா, இல்லாட்டி பட்ஜெட்டில தோத்தா, சபைக்கு உன்னில நம்பிக்கை இல்லை எண்டுதான் அர்த்தம், ஒண்டில் பிரதமர் விலகோணும், இல்லாட்டிப் பாராளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேக்கோணும். 1960 சித்திரை 22 ஆம் திகதி 86 க்கு 61 எண்டு டட்லி தோத்தார். தமிழரசுக் கட்சி தன்ர கோரிக்கைகளை அவரிட்ட வைச்சது, அவர் ஏற்கேல்லை, செல்வநாயகமும் கட்சியும் எதிர்த்து வோட்டுப் போட்டினம். எங்கட மூண்டாம் வாங்குப் பெடியள் மூண்டு பேரும் கையைத் தூக்கேக்க மண்டபம் அதிர்ந்தது.

எங்கட பிரதமர், இப்ப லண்டனில இருக்கிறவர், என்ர கதிரைக்கு முன்னால வந்து நிண்டு கலைக்கச் சொல்லிக் கேட்டார். பிரதமற்ற ஆலோசனைப்படிதான் மகாதேசாதிபதி நடக்கோணும் எண்டு நோட்ஸில எழுதிப் பாடமாக்கி வைச்சிருந்தனான், அதால ஒரு யோசினையும் இல்லாமல் கலைச்சிட்டன். 1960 இல மகாதேசாதிபதியா இருந்த சேர் ஒலிவர் குணதிலகாவும் அப்பிடித்தான் கலைச்சவர். எங்கட மாஸ்டர் எனக்குக் கிட்ட வந்து மெதுவாக் கேட்டார், "தேர்தல் முடிஞ்சு ஒரு மாதந்தானே தம்பி, மற்றப் பக்கத்தால ஒரு அரசாங்கம் அமைக்க ஏலுமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாந்தானே?" எனக்குப் பதில் வரேல்லை. பிழை எண்டும் அவர் சொல்லேல்லை, சரி எண்டும் சொல்லேல்லை.

அந்த வருசம் ஆடியில நாட்டில உண்மையான தேர்தல் நடந்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரா வந்தவர். அடுத்த வருசம் புது அரசியலமைப்பு, நிறைவேற்று அதிகாரம் உள்ள ஜனாதிபதி, சபையில தோத்தாலும் அவர் வீட்டுக்குப் போகத் தேவையில்லை. நாங்கள் பாடமாக்கின பாடம் எங்கட நாட்டில அதோட பழைய பாடமாப் போச்சு.

நாப்பது வருசத்துக்குப் பிறகு வன்கூவருக்குப் பக்கத்தில என்ர வீட்டு ஹோலில இருந்து டீவி பாக்கேக்கதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. 2017 வைகாசி 9 ஆம் திகதி இங்க கனடாவில, பிரிட்டிஷ் கொலம்பியாவில மாகாணத் தேர்தல், 87 இடத்தில லிபரலுக்கு 43, என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) க்கு 41, கிரீன் கட்சிக்கு 3. என்.டி.பி. யும் கிரீனும் நம்பிக்கை வோட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் சேர்ந்து நிப்பம் எண்டு எழுத்தில ஒப்பந்தம் செய்தவை. லிபரல் தன்ர ஆள் ஒருத்தரைச் சபாநாயகர் ஆக்கினது, சபாநாயகர் வோட்டு சமமா வந்தா மட்டுந்தான் போடுவார், அப்ப லிபரலுக்கு மிச்சம் 42. ஆனி 29 ஆம் திகதி 44 க்கு 42 எண்டு லிபரல் முதல்வர் கிறிஸ்டி கிளார்க்கின்ர அரசாங்கம் விழுந்தது, விழுந்ததும் நம்பிக்கை வோட்டிலதான். அவ நேர விக்டோரியாவில இருந்த லெப்டினன்ட் கவர்னர் (மாகாணத்துக்கு மகாதேசாதிபதி மாதிரி) ஜூடித் கிஷோனிட்டப் போய்க் கலைக்கச் சொல்லிக் கேட்டா. நான் எழும்பி நிண்டிட்டன், மனிசி என்ன நடந்தது எண்டு ஓடி வந்தவ. கிஷோன் கலைக்கேல்லை. என்.டி.பி. தலைவர் ஜோன் ஹோர்கனைக் கூப்பிட்டு அரசாங்கம் அமைக்கச் சொன்னா, அவர் அதுக்குப் பிறகு 2020 வரைக்கும் அதே சபையோட ஆட்சி நடத்தினவர்.

அண்டு இரவு பேப்பரும் பேனையும் எடுத்து 1960 கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்தன். சுதந்திரக் கட்சி 46, தமிழரசு 15, இடதுசாரிகளைச் சேர்த்தா 80 ஐத் தாண்டுது. மகாதேசாதிபதி அப்ப சுதந்திரக் கட்சித் தலைவரா இருந்த சி.பி. டி சில்வாவைக் கூப்பிட்டிருந்தா அவருக்கு அந்தப் பதினைஞ்சு பேரும் ஒவ்வொரு வோட்டிலயும் தேவைப்பட்டிருக்கும். தங்களுக்கு வாக்குறுதி தந்தவை எண்டு தமிழரசுத் தலைவர்கள் பிறகு சொன்னவை, தேவை இருந்திருந்தா அந்த வாக்கைக் காப்பாத்தவும் வேண்டி வந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். கலைச்சு, ஆடியில திரும்பத் தேர்தல் வைச்சாப்போல சுதந்திரக் கட்சிக்குத் தனிய 75. தமிழரசுக்கு ஒரு இடம் கூடி 16, ஆனா இப்ப அவையின்ர வோட்டு ஒருத்தருக்கும் தேவையில்லை. 1961 தை மாதம் சிங்களம் மட்டும் சட்டம் முழுசா நடைமுறைக்கு வந்தது, மாசியில யாழ்ப்பாணக் கச்சேரி (அரசாங்க அதிபற்ற கந்தோர்) வாசல்ல சத்தியாக்கிரகம் தொடங்கினது. எல்லாத்துக்கும் அந்த ஒரு கலைப்புத்தான் காரணம் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா அதைப் படிச்ச எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை.

விடியக் காத்தால லண்டனுக்கு எடுத்தன், எங்கட பிரதமருக்கு. சேர் மோசம் போய்க் கனகாலம், இதைச் சொல்ல வேற ஆக்கள் இல்லை. அவர் எல்லாத்தையும் கேட்டிட்டு, அண்டைக்குப் பின்னேரம் நீ கலைச்சாப் பிறகு என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டார். சேர் ஆடித் தேர்தல் முடிவின்படி எங்களை இடம் மாத்தி இருத்தினவராம், சுதந்திரக் கட்சி வாங்குக்குப் பதினைஞ்சு பேர். எனக்கு அது முழுக்க மறந்து போச்சு. மூண்டாம் வாங்கில அந்த மூண்டு பெடியளும் எழும்பாமல் அப்பிடியே இருந்தவையாம், முதல் அவையிட்ட வந்து வந்து காதுக்குள்ள கதைச்ச ஆக்கள் ஒருத்தரும் மணி அடிக்கும்வரைக்கும் பிறகு அந்தப் பக்கம் வரேல்லையாம்.